ஐந்தாம் நாள் தண்ணீர்

வெள்ளவத்தையில் நான் இருந்த வீட்டில் ஆறு பெண்கள் வாடகைக்கு இருந்தோம். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் கடைசிக்கு முதல் வீடு. ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கும். வந்த புதிதில் அதற்கே விழிப்பு வரும், இரண்டு கிழமையில் அது காதில் விழாமல் போய்விடும். வீட்டுக்கார அன்ரி யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து கொழும்பிலேயே தங்கிவிட்டவர். பிள்ளைகள் கனடாவில். பெண்களுக்கு மட்டும்தான் அறை கொடுப்பார். அவருக்கு முக்கியமான விசயங்கள் இரண்டு இருந்தன. அறைக்கு வருகிறவளின் தாயுடைய போன் நம்பரை முதல் நாளே வாங்கி, குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைப்பார். இரண்டாவது விசயம், தூரம்.

மாதவிலக்கை அங்கே அப்படித்தான் சொல்வோம். சாமிப்படங்கள் சமைக்கிற குசினிக்குள் ஒரு சுவர்த்தட்டில் இருந்தபடியால் தூரமானவள் அதற்குள் கால் வைக்கக் கூடாது. பின்வாசலடியில் அவளுக்கென்று ஒரு பாயும் ஒரு கோப்பையும் ஒரு தட்டும் இருக்கும். சாப்பாட்டை மற்றவர்கள் கொண்டுவந்து வைப்போம். நாலு நாள் இப்படி. ஐந்தாம் நாள் காலையில் பின்பக்கத் தொட்டியடியில் தலைமுழுகிவிட்டு உள்ளே வரலாம். வங்கியில் வேலை செய்த ஒரு பிள்ளை, இந்தக் காலத்திலுமா என்று கேட்டதற்கு, "காலம் மாறட்டும் பிள்ளை, என்ர குசினி மாறாது" என்றார் அன்ரி. அந்தப் பிள்ளை ஒரு மாதத்தில் பம்பலப்பிட்டிக்கு அறை மாறிப் போனாள். நான் இருந்துகொண்டேன். நாலு நாள் சமைக்காமல் சாப்பாடு கிடைப்பதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மன்னாரில் பிறந்து, வவுனியா, புத்தளம், நீர்கொழும்பு என்று இழுபட்டு, இரண்டு வருடம் குவைத்தில் வீட்டு வேலையும் செய்தாயிற்று. நீர்கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் இருந்தபோது சிங்களம் வந்தது. எந்த வீட்டிலும் ஒன்றரை வருடத்துக்கு மேல் நான் இருந்ததில்லை. யாரும் துரத்துவதில்லை. ஒருநாள் காலையில் எழும்பும்போது அந்தச் சுவரைப் பார்க்கப் பிடிக்காது, அவ்வளவுதான். வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் விடிய இடியப்பம் பிழிந்து, பகலோடு அறைக்குத் திரும்பிவிடுவேன்.

என் அறையில் இரண்டாவது கட்டிலுக்கு அவள் வந்தாள். நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, இருபத்து நாலு வயது. காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் விற்பனைக்கு நின்றாள். பகல் முழுக்க நின்ற கால்களை இரவில் சுவரில் உயர்த்தி வைத்துக்கொண்டு கடைக்கு வந்தவர்களைப் போலச் செய்து காட்டுவாள். "ஒங்க ஊரு அம்மா ஒன்னு வந்துச்சுக்கா. நாப்பது சாரி விரிக்க வச்சிட்டு, 'நல்லாத்தான் இருக்கு பிள்ளை, மற்றக் கடையையும் ஒருக்காப் பாத்திட்டு வாறன்'னு போயிருச்சு." அது என் ஊர் இல்லை என்று நான் சொன்னாலும் கேட்கமாட்டாள். மலையிலிருந்து வந்தவளுக்கு வடக்கு முழுக்க ஒரே ஊர்தான். எனக்கு அவ்வளவாகச் சிரிக்க வராது. அவளோடு இருந்த அந்த எட்டு மாதத்தில்தான் கொஞ்சம் சிரித்தேன்.

ஒரு மாதம் அவள் பின்வாசல் பாயில் இருந்தபோது, அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. ஒரே அறையில் இருப்பவளுக்குத் தெரியாமல் போகாது. பத்திரிகைத் தாளில் சுற்றிக் குப்பைக்குப் போக வேண்டியது ஒன்றுமே போகவில்லை. அடுத்த மாதமும் அப்படியே நாலு நாள் இருந்தாள், ஐந்தாம் நாள் முழுகினாள். நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்வாள், சொன்னால் நான் ஏதாவது செய்ய வேண்டி வரும் என்று பேசாமல் இருந்தேன்.

கடைசியில் அவளாகத்தான் சொன்னாள். ஒரு பின்னேரம் தண்டவாளத்தைத் தாண்டிக் கற்களில் உட்கார்ந்திருந்தோம். கடைக்குத் துணி மூட்டைகள் கொண்டுவரும் வான் ஓட்டுகிறவன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வேறு ஊரில் இருப்பதை அவளுக்குப் பிந்தித்தான் சொல்லியிருக்கிறான். இப்போது போன் எடுப்பதில்லை. கடையில் உடன் வேலை செய்கிறவள் ஒருத்தி கலைக்க ஓரிடம் சொல்லியிருக்கிறாள், பௌர்ணமிப் போயா அன்றைக்குக் கடை பூட்டு, அன்றைக்குப் போகப் போகிறேன் என்றாள். இதையெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தாள்.

"ஏதாச்சும் ஆச்சுன்னா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு மட்டும் சொல்லுங்கக்கா. வேற ஒன்னும் வாயில வரக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

தொழிற்சாலை விடுதியில் இருந்தபோதும் ஒரு பிள்ளை குளியலறையில் விழுந்தாள் என்றுதான் சொன்னார்கள். அவளுடைய பெட்டியை வீட்டுக்கு அனுப்பக் கட்டியவர்களில் நானும் ஒருத்தி. அது அந்த நேரம் என் நினைவுக்கு வந்தது. வந்தும் நான் சத்தியம் செய்தேன்.

போயா அன்று நான் வேலை முடிந்து வரும்போது அவள் பின்வாசல் பாயில் சுருண்டு கிடந்தாள். இரண்டு பஸ் மாறிப் போய் வந்திருந்தாள். இடத்தைச் சொல்லவில்லை. ஒரு பெண் குழாய் மாதிரி ஒன்றை உள்ளே விட்டாள் என்றும், பிறகு விழுங்கக் குளிசை தந்தாள் என்றும், வீட்டுக்குப் போ, இரண்டு நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனுப்பினாள் என்றும் சொன்னாள். அன்ரி வந்து எட்டிப் பார்த்து, "இந்தமுறை நேரத்தோட வந்திட்டுதோ?" என்று கேட்டுவிட்டு, கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரத்தம் போகிற பெண் ஒருத்தி மூலையில் படுத்திருப்பது அந்த வீட்டில் எப்போதும் நடக்கிற ஒன்று. நான் வேலை முடிந்து வரும்போது இடியப்பமும் சொதியும் கடையிலிருந்து கொண்டுவந்து வைத்தேன். மூன்றாம் நாள் அவள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் பின்னேரம் நெற்றியைத் தொட்டபோது சுட்டது. பாயைத் தாண்டும்போது ஒரு கெட்ட வாடையும் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

அவள் எழும்பி உட்கார்ந்துவிட்டாள். கலைப்பது குற்றம், ஆஸ்பத்திரியிலேயே பொலிஸ் இருக்கிறது, எழுதிக்கொண்டு போய்ப் புதுக்கடைக் கோர்ட்டில் நிறுத்துவார்கள், பேப்பரில் வரும், தோட்டத்தில் அம்மா தலைகாட்ட முடியாது என்றெல்லாம் சொன்னாள். இடம் சொன்ன அந்தக் கடைப் பிள்ளை அவளுக்கு அவ்வளவும் சொல்லிக் கொடுத்திருந்தாள். அதைவிட அவளுக்குப் பெரிய பயம் அடுத்த நாள் காலை. ஐந்தாம் நாள் முழுகாவிட்டால் அன்ரி ஏன் என்று கேட்பார். இன்னும் நிற்கவில்லை என்றால் கலண்டரைத் திருப்பி அம்மாவுக்கு போன் போடுவார்.

"நாளைக்கு முழுகிட்டா போதும்க்கா. அப்புறம் யாரும் பாக்க மாட்டாங்க."

ஐந்தாம் நாள் காலை, ஆறு மணி இருக்கும், கடைக்குப் பிந்தி வருவதாக நான் சொல்லியிருந்தேன். அவளால் தனியே வாளியைத் தூக்க முடியவில்லை. தொட்டிக் கட்டின் மேல் உட்கார வைத்து நான்தான் ஊற்றினேன். இரவு முழுக்கத் தொட்டியில் கிடந்த தண்ணீர். முதல் வாளிக்கே அவளுடைய பற்கள் அடிக்கும் சத்தம் கேட்டது. பைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அன்ரி குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா ஊத்து பிள்ளை. முடி முழுக்க நனைய வேணும்."

நான் நன்றாக ஊற்றினேன். ஐந்து வாளி. அவளுடைய முதுகில் கை வைத்தால், அவ்வளவு தண்ணீருக்குப் பிறகும் சூடு இருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, இவளுக்குக் காய்ச்சல் அன்ரி, இது தூரமில்லை என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஜன்னல் மூன்றடி தூரம்கூட இல்லை. அதற்குப் பதிலாக ஆறாவது வாளியும் வேண்டுமா என்று அன்ரியின் முகத்தைப் பார்த்தேன். போதும் என்று தலையாட்டினார்.

அவள் உடுப்பு மாற்றி, குசினிக்குப் போய், எல்லோரும் பார்க்கத் தன் கையால் தேத்தண்ணி ஊற்றி, அதைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். மத்தியானம் கடையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

காய்ச்சல் என்றதும் அன்ரி டெங்கு என்றார். அந்த மாதம் ஒழுங்கையில் இரண்டு வீட்டில் டெங்கு இருந்தது. நான் மறுத்துச் சொல்லவில்லை. டெங்கு என்றால் படுத்திருக்கலாம், தாய்க்குச் சொன்னாலும் வெட்கமில்லை. அன்ரி அடுத்த வீட்டில் போய்ப் பப்பாசி இலை பறித்து வந்து, இடித்து, பிழிந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி என்று நின்று கொடுத்தார். அவள் குடித்தாள், அதை அப்படியே வாந்தி எடுத்தாள், திரும்பக் கொடுத்ததையும் குடித்தாள். இரண்டு நாள் இப்படிப் போயிற்று. அவளுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான். தினமும் விடிய எழும்பி இடியப்பம் பிழியப் போனேன்.

எட்டாம் நாள் காலையில் வேலைக்குப் புறப்படும்போது அவளைக் கூப்பிட்டேன். என்னைத் தன் தங்கையின் பெயர் சொல்லி அழைத்து, கொழுந்துக் கூடையை எடுத்து உள்ளே வை, மழை வருகிறது என்றாள். உடம்பு சுட்டது, கால்கள் மட்டும் சில்லென்று இருந்தன. நகங்கள் நீலம் பாரித்திருந்தன. நான் ஒழுங்கை முனைக்கு ஓடி ஒரு ஓட்டோ பிடித்து வந்தேன். சிங்களக் கிழவர் ஒருவர். அவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல், சீற்றில் கிடந்த தன் துவாயை எடுத்து விரித்தார். வழி முழுக்க ஹோனிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தாதி என்ன நடந்தது என்று கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன், குளியலறையில் வழுக்கி விழுந்தாள், அதிலிருந்து இரத்தம் போகிறது. வாய் தடுமாறவில்லை. தாதி எழுதிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு டொக்டர் வந்தாள். என்னைவிட வயது குறைந்தவள், கண்ணின் கீழ் கறுத்திருந்தது. திரையை இழுத்துவிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து என்னை நடைபாதை ஓரத்துக்குக் கூட்டிப் போனாள். கோபமில்லாமல், கணக்குப் பாடம் சொல்லித் தருவது போலப் பேசினாள்.

"விழுந்தவளுக்கு முழங்காலில், முழங்கையில் எங்கேயாவது கீறல் இருக்கும். இவளுக்கு ஒன்றுமில்லை. உள்ளே ஏதாவது விட்டார்களா? எத்தனை நாள்? இந்த இரண்டும்தான் எனக்கு வேண்டும். யார் செய்தது, எங்கே செய்தது, அது எனக்கு வேண்டாம்."

திரை முழுக்க மூடவில்லை. அந்த இடைவெளியால் அவள் தள்ளுவண்டியில் கிடந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்களம் அவளுக்குக் கடையில் விலை சொல்லும் அளவுக்குத்தான் தெரியும். ஆனால் என் வாய் எவ்வளவு நேரம் அசைகிறது என்பது தெரியும். வழுக்கி விழுந்தாள் என்பதைச் சொல்ல அவ்வளவு நேரம் தேவையில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், குளிசை, எட்டு நாள், வாடை, காய்ச்சல் எப்போது தொடங்கியது. பப்பாசி இலையைக்கூடச் சொன்னேன். தண்ணீர் ஊற்றியதைச் சொல்லவில்லை. அதை டொக்டர் கேட்கவில்லை.

டொக்டர் ஓடினாள். நடந்து வந்தவள் ஓடிப் போனாள் என்பதைப் பார்த்துத்தான் எவ்வளவு பிந்திவிட்டது என்று எனக்கு விளங்கியது.

சத்திர சிகிச்சைக்கு முன் கையெழுத்து வாங்க ஒரு தாளைக் கொண்டுவந்தார்கள். தமிழ் தெரிந்தவர் அந்த நேரம் அங்கே இல்லை. நான்தான் சொன்னேன். அவளுடைய காதுக்குக் கிட்டக் குனிந்து, "கிருமி உடம்பு முழுக்கப் போகுதாம். உள்ளுக்குத் திறந்து பாக்கப் போகினம். கர்ப்பப்பையில ஓட்டை இருந்தா, பழுதாயிருந்தா, அதை எடுக்க வேண்டி வருமாம். எடுத்தாத்தான் உயிர் தப்புமாம்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவைக் கையில் வைத்துப் பிடித்துக் கொடுத்தேன். மூன்று எழுத்துள்ள தன் பெயரை எழுத அவளுக்கு வெகுநேரம் எடுத்தது.

எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது.

பொலிஸ் வரவில்லை. யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. சத்திர சிகிச்சை முடிந்து நாலாம் நாள் ஒரு பொலிஸ்காரர் வார்ட் வாசலால் போனார். ஏதோ வாகன விபத்து விசயமாக வந்தவர். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவர் போன பிறகும் திரும்பவில்லை. நான் கொண்டுபோன கஞ்சியை அடுத்த கட்டில் அம்மாவுக்குக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு கிழமையில் அவள் என்னோடு பேசிய வார்த்தைகள் தண்ணி, போதும், போங்க.

தாய் பஸ் ஏறி வந்தார். அன்ரி போன் பண்ணியிருந்தார், டெங்கு முற்றிவிட்டது என்று. தாய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்ன நோய், ஏன் வயிற்றை அறுத்தார்கள் என்று கேட்டார். அவள் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றில் கிருமி, அறுத்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள் என்றேன். இதுவும் பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். தாய் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த தேயிலைப் பொட்டலம் ஒன்றை என் மடியில் வைத்தார். நான்தான் பிள்ளையைக் காப்பாற்றினேனாம்.

ஆஸ்பத்திரியிலிருந்தே ஊருக்குப் போய்விட்டார்கள். அவளுடைய பையை நான் கட்டிக் கொடுத்தேன், வேறொரு பிள்ளை கொண்டுபோனாள்.

அன்ரி அந்தப் பாயை மஞ்சள் தண்ணீரில் கழுவிக் கொடியில் போட்டிருந்தார். நான் பக்கத்தில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ஆறு பிள்ளையளின்ர நாளும் எனக்குத் தெரியும். அவள் ரெண்டு மாதம் சும்மா வந்து இருந்தவள் எண்டும் தெரியும்."

பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா தாய்க்குச் சொல்ல வேண்டி வந்திருக்கும். முழுகினாப் பிறகு, சரி, எல்லாம் சுகமா முடிஞ்சுது எண்டு நினைச்சனான்."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னது நான் நினைத்ததுதான், கிட்டத்தட்ட அதே வார்த்தை. அந்த வீட்டுக்குத் தெரியாமல் மறைக்கத்தான் அவள் அந்த ஐந்து நாளும் பாயிலும் தொட்டியடியிலும் கிடந்தாள். எங்கள் இருவருக்குமே அது மறைவாக இருக்கவில்லை.

அந்த மாதம் முடிய நான் கொட்டாஞ்சேனைக்கு மாறினேன். மாடியில் ஒற்றை அறை, தனிக் குளியலறை, கீழே ஒரு பூட்டுக் கடை. யாரும் யாருடைய நாளையும் எண்ணுவதில்லை. கோயில் மணியும் சர்ச் மணியும் கேட்கும். ஒரு பேக்கரியில் வேலை. காலையில் போகும்போது அறையில் எது எங்கே இருந்ததோ, பின்னேரம் அதே இடத்தில் இருக்கும். கால்களைச் சுவரில் உயர்த்தி வைத்துக்கொண்டு படுத்துப் பார்த்தேன் ஒருநாள். இரத்தம் இறங்குவது சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படியே எவ்வளவு நேரம் இருப்பது?

அவளுக்கு ஒரு பதிலை ஆயத்தமாக வைத்திருந்தேன். ஏன் சத்தியத்தை மீறிச் சொன்னீர்கள் என்று கேட்டால் சொல்ல. உயிர் முக்கியம், டொக்டர் கேட்டாள், சொல்லாவிட்டால் செத்திருப்பாய். பஸ்ஸில், பேக்கரியில், தட்டுக் கழுவும்போது அதைத் திருத்தித் திருத்தி வைத்தேன்.

ஒன்றேகால் வருடம் கழித்து ஒரு ஞாயிறு பகல் அவளே எனக்கு போன் பண்ணினாள். சுகமா என்று கேட்டாள். சுகம் என்றேன். பின்னால் குக்கர் விசிலடித்தது.

"மாப்ள பாத்திருக்காங்கக்கா. அடுத்த ஞாயித்துக்கெழம வர்றாங்க."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"அம்மாவுக்குத் தெரியாது."

"ஓம்," என்றேன். "நான் சொல்லேல்லை."

"டாக்டர்கிட்ட சொன்னீங்கல்ல."

வந்துவிட்டது என்று நினைத்தேன். "ஓம், சொன்னனான்" என்று தொடங்கி, வைத்திருந்த பதிலை எடுக்கப் போனேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அத நாலாம் நாளே சொல்லியிருக்கலாம்லக்கா."

ஆயத்தமாக வைத்திருந்தது வேறு கேள்விக்கு. நீதானே தலையில் கை வைக்கச் சொன்னாய் என்று கேட்டிருக்கலாம். அவள் சத்தியம் வாங்கியது எவ்வளவு உண்மையோ, அது எனக்கு வசதியாக இருந்ததும் அவ்வளவு உண்மை.

"அண்டைக்குத் தண்ணி ஊத்தினதும் நான்தான்," என்றேன்.

"தெரியும். ரொம்ப குளிரா இருந்துச்சு."

பிறகு சொன்னாள், அம்மாவிடம் சொல்ல மூன்று தரம் போனாளாம், வாய் வரவில்லையாம். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் சொல்ல வேண்டும். தெரியாமல் ஒருவனைக் கட்ட மாட்டேன் என்றாள். "அன்னிக்கு எனக்கு காதுல சொன்னீங்கல்ல, அதே மாதிரி அம்மாகிட்ட சொல்லுங்க. முழுசா சொல்லுங்க."

யோசித்துவிட்டு எடுக்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று என் வாயில் வந்தது. அதை விழுங்கினேன்.

"குடு," என்றேன்.

தாய் சேலையில் கை துடைத்துக்கொண்டு வருவது கேட்டது. "சொல்லுங்க தாயி, சாப்பிட்டீங்களா?" என்றார். நான் பாத்ரூமையும் டெங்குவையும் கிருமியையும் விட்டுவிட்டு, வான்காரனிலிருந்து கையெழுத்து வரைக்கும் சொன்னேன். ஐந்து வாளியையும் சொன்னேன். குக்கர் இன்னொரு தரம் விசிலடித்தது, யாரோ அடுப்பை நிறுத்தினார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒன்று மட்டும் கேட்டார்.

"புள்ள அன்னைக்கு என்னயக் கூப்பிட்டுச்சா?"

மழை வருகிறது, கொழுந்துக் கூடையை எடுத்து உள்ளே வை என்றதைச் சொன்னேன்.

அவர் போனை அணைக்காமல் எங்கேயோ வைத்துவிட்டார். அந்த வீடு எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கதவு திறந்தது. தாயின் குரல் அவளைப் பெயர் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டது. பிறகு அழுகையா பேச்சா என்று பிரிக்க முடியாத சத்தம், இரண்டு பேருடையது. அது எனக்கானதில்லை என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நானே துண்டித்தேன்.